வயிற்றுக்குள் ஒரு பம்ப், கைபேசியில் ஒரு தேதி

தசை விறைப்புக்கு மருந்து பம்ப் பொருத்திக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருவண்ணாமலையில் நாளைக்குக் கார்த்திகை தீபம் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் பேருந்து வராது. தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எல்லாம் ஊருக்கு வெளியே. எந்தத் தெருவைப் பார்த்தாலும் தலைகள்தான். அந்த நேரம் பார்த்து, உங்கள் வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் கேட்கிறார்: “பம்புல மருந்து நிரப்பணுமே, நாளைக்குத்தானே தேதி?”

“தீபம் முடியட்டும், கூட்டம் குறையட்டும். நாலு நாள் கழிச்சுப் போனா என்ன ஆயிடப் போகுது?” என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். சொல்வது இயல்புதான். பல் மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் போக வேண்டியதை நாம் அப்படித்தானே தள்ளிப்போடுகிறோம்! ஆனால் இந்தத் தேதி அந்த மாதிரி தேதி இல்லை. இந்த பம்பில் மருந்து தீர்ந்துபோனால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

தேதியைச் சரியாகக் காப்பாற்றினால், இதே பம்ப் பல ஆண்டு வேதனையைக் குறைத்து நிம்மதியாகத் தூங்க வைக்கும். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துத் தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

தசை விறைப்பு என்றால் என்ன?

கையை மடக்கு, காலை நீட்டு என்று மூளை உத்தரவு போடுகிறது. அதே மூளை, தேவையில்லாத நேரத்தில் ‘சும்மா இரு’ என்றும் தசைகளை அடக்கி வைக்கிறது. இந்த இரண்டு உத்தரவுகளும் முதுகுத் தண்டுவடம் வழியாகத்தான் போகின்றன. அந்த வழியில் அடிபட்டால் ‘சும்மா இரு’ என்ற உத்தரவு தசைக்குப் போய்ச் சேராது. தசை தானாகவே இறுகிக்கொள்ளும். லேசாகத் தொட்டாலும் கால் வெடுக்கென்று உதறும். இதைத்தான் தசை விறைப்பு என்கிறோம்.

மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள், இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், பெருமூளை வாதத்தோடு பிறந்த குழந்தைகள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது வரலாம்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு, “காலு கொஞ்சம் விறைப்பா இருக்கு, அவ்வளவுதானே” என்று தோன்றும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்வதால் குளிப்பாட்டவும் துணி மாற்றவும் இரண்டு பேர் வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் உடம்பு வழுக்கிக்கொண்டு கீழே வரும். ராத்திரியில் நாலைந்து முறை கால் உதறி எழுப்பிவிடும். நாள் போகப்போக மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடும். உரசும் இடங்களில் புண் வரும்.

மாத்திரை இருக்கும்போது பம்ப் எதற்கு?

முதலில் கொடுப்பது பிசியோதெரபியும் மாத்திரையும்தான். சில தசைகளில் மட்டும் விறைப்பு என்றால் அந்த இடத்திலேயே ஊசி போடுவதும் உண்டு. பலருக்கு இவையே போதும்.

இதற்கு அதிகம் பயன்படும் மாத்திரை பாக்லோபென். வேலை செய்ய வேண்டிய இடம் தண்டுவடம். ஆனால் வாயில் போடும் மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. தண்டுவடத்துக்குள் கொஞ்சம்தான் நுழைகிறது. போதவில்லை என்று அளவைக் கூட்டினால் தூக்கமும் தலைச்சுற்றலும் சோர்வும்தான் கூடுகின்றன. “விறைப்பு குறையுது, ஆனா நாள் முழுக்கத் தூங்கிக்கிட்டே இருக்காரு” என்று பல வீடுகளில் சொல்வது இதனால்தான்.

‘தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் மருந்தை நேராகச் சொட்டுச் சொட்டாக விட்டால் என்ன?’ என்ற யோசனைதான் பம்புக்கு அடிப்படை. அமெரிக்காவில் சிகாகோ நகர மருத்துவர்கள் ரிச்சர்ட் பென், ஜெஃப்ரி குரோயின் இருவரும் 1984-ல் இப்படிச் செய்து பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். தண்டுவடப் பாதிப்பால் வரும் விறைப்புக்கு 1992-லும், மூளைப் பாதிப்பால் வரும் விறைப்புக்கு 1996-லும் அந்த நாட்டில் அனுமதி கிடைத்தது. இன்று இந்தியாவிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

மாத்திரையின் அளவு மில்லிகிராமில். பம்பு விடும் அளவு மைக்ரோகிராமில், அதாவது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்குச் சில நூறு மைக்ரோகிராம் போதும். மருந்து குறைவு, பலன் கூடுதல், தூக்கக் கலக்கமும் குறைவு.

பம்ப் எப்படி இருக்கும்?

வட்டமான உலோகச் சாதனம். ஒரு பெரிய வடையின் அளவு: குறுக்கே சுமார் எட்டரை சென்டிமீட்டர், தடிமன் 2 முதல் 2½ சென்டிமீட்டர். அடிவயிற்றில் தோலுக்குக் கீழே வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தோலுக்கு அடியிலேயே முதுகுப் பக்கம் போய் தண்டுவட நீருக்குள் முடியும். வெளியே எதுவும் தொங்காது.

பம்புக்குள் மருந்து நிற்கும் தொட்டி ஒன்று உண்டு. அதன் கொள்ளளவு மாடலைப் பொறுத்து 20 அல்லது 40 மில்லிலிட்டர். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சின்ன மோட்டார். எந்த நேரத்தில் எவ்வளவு மருந்து போக வேண்டும் என்பதை மருத்துவர் வெளியில் இருந்தே ஒரு கருவியால் அமைக்கலாம். ராத்திரியில் உதறல் அதிகம் என்றால் ராத்திரிக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி வைக்கவும் முடியும்.

பேட்டரி பொதுவாக 5 முதல் 7 ஆண்டு வரும். அதை வெளியில் இருந்து சார்ஜ் போட முடியாது. காலம் முடியும்போது இன்னொரு அறுவைச் சிகிச்சை செய்து பம்பையே மாற்ற வேண்டும். ஆகவே இது ஒரே நாளில் முடிகிற வைத்தியம் அல்ல. பம்பின் விலையும் லட்சக்கணக்கில் வரும். சம்மதக் கையெழுத்துப் போடும் முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

முதலில் ஒரு சோதனை

எல்லோருக்கும் பம்ப் வைத்துவிட மாட்டார்கள். முதலில் மருத்துவமனையில் சேர்த்து, முதுகில் ஒரே ஒரு ஊசி வழியாகக் கொஞ்சம் மருந்து செலுத்திப் பார்ப்பார்கள். வழக்கமாக 50 மைக்ரோகிராமில் தொடங்குவார்கள். சில மணி நேரத்தில் விறைப்பு எவ்வளவு தளர்கிறது என்று பார்ப்பார்கள். பலன் தெரிந்தால்தான் அடுத்த பேச்சு.

அந்தச் சில மணி நேரத்தைக் கைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். ஊசிக்கு முன் காலை விரிப்பதற்கு எவ்வளவு சிரமம், பின் எப்படி என்று பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். சிலர் அந்த விறைப்பை ஊன்றுகோல் போலப் பயன்படுத்துகிறார்கள். காலில் இருக்கும் விறைப்பின் பலத்தில்தான் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுவார்கள், பிடித்துக்கொண்டு நிற்பார்கள். விறைப்பு முழுக்கப் போய்விட்டால் கால் துவண்டுவிடும். “எனக்கு எவ்வளவு தளரணும், எவ்வளவு மிச்சம் இருக்கணும்?” என்பதுதான் சரியான கேள்வி.

பம்ப் செயலிழந்த காலை நடக்க வைக்காது. நோயையும் குணப்படுத்தாது. அது விறைப்பைத் தளர்த்துகிறது. தளர்ந்த தசைக்குப் பயிற்சி கொடுப்பது பிசியோதெரபியின் வேலை. பம்ப் வைத்த பிறகு பிசியோதெரபியை நிறுத்துகிறவர்கள் பாதிப் பலனை இழக்கிறார்கள்.

பக்கத்து ஊரின் முன்மாதிரி

சாதனம் என்பது சிகிச்சையில் ஒரு பாதிதான், மறுவாழ்வு மறு பாதி என்பதை நம் பக்கத்து மாவட்டம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் சிக்கினார். முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் அவர் முன்னின்று தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்று அவர் பெயரிலேயே இருக்கிறது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் உள்ளது. தசை விறைப்பு உள்ளவரை இப்படிப்பட்ட மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் ஒருமுறையாவது காட்டி ஆலோசனை கேளுங்கள். பம்ப் வேண்டுமா, வேண்டாமா என்ற முடிவு அதற்குப் பிறகு வரட்டும்.

தேதிக் கணக்கு: இதை மட்டும் மறக்காதீர்கள்

மருந்து நிரப்புவது பெரிய வேலை இல்லை. தோலைச் சுத்தம் செய்து, பம்பின் நடுவில் உள்ள துளைக்குள் ஊசியை இறக்கி, மிச்சம் இருக்கும் பழைய மருந்தை எடுத்துவிட்டுப் புது மருந்தை நிரப்புவார்கள். மயக்க மருந்து வேண்டாம். அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள்.

தொட்டி 40 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் 500 மைக்ரோகிராம் மருந்து. ஆக மொத்தம் 20,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம் செலவானால் 100 நாள் வரும். ஆனால் கடைசிச் சொட்டு வரை விடக்கூடாது. 2 மில்லிலிட்டரைக் கையிருப்பாக விட்டால் 95 நாள். மருத்துவர் அதற்கும் முன்னதாகவே தேதி கொடுப்பார்.

இப்போது விறைப்பு கூடியதால் மருத்துவர் அளவை 250 ஆக உயர்த்துகிறார் என்று வையுங்கள். அதே தொட்டி 80 நாள்தான் வரும். கையிருப்பைக் கழித்தால் 76. அதாவது டோஸ் கூடினால் தேதி முன்னால் வந்துவிடும்! பழைய தேதியைக் காலண்டரில் எழுதிவைத்துவிட்டு அதையே நம்பி இருப்பது ஆபத்து. ஒவ்வொரு முறை அளவு மாறும்போதும் புதுத் தேதியைக் கேட்டு வாங்குங்கள். அளவே மாறாவிட்டாலும் ஒரே மருந்து ஆறு மாதத்துக்கு மேல் பம்புக்குள் இருக்கக்கூடாது.

நிரப்பி முடிந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. பம்பில் இருந்து எடுத்த மிச்ச மருந்து, இருக்க வேண்டிய அளவோடு பொருந்துகிறதா? (பொருந்தாவிட்டால் பம்பையும் குழாயையும் சோதிக்க வேண்டும்.)
2. இப்போதைய தினசரி அளவு என்ன?
3. மருந்து குறைந்து பம்ப் அலாரம் அடிக்கும் தேதி எது?

இந்த மூன்றும் அச்சிட்ட தாளில் இருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த பம்பை நிரப்பவும் அளவு மாற்றவும் எல்லா மருத்துவமனையிலும் வசதி இருக்காது. பம்புக்கான மருந்தும் எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது. திருவண்ணாமலையில் இருந்து வேலூர் என்றால் சுமார் 80 கிலோமீட்டர், சென்னை என்றால் சுமார் 190. ஆகவே தேதி குறிக்கும்போதே பஞ்சாங்கத்தையும் பாருங்கள். பௌர்ணமி கிரிவலம், சித்ரா பௌர்ணமி, தீபத் திருவிழா ஆகிய நாட்களைத் தவிர்த்து, அவற்றுக்கு முன்னதாகவே நிரப்பிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் தீபமலைச் சரிவில் மண் சரிந்ததையும், சாலைகள் துண்டிக்கப்பட்டதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். கடைசி நாள் வரை காத்திருக்காமல் ஒரு வாரமாவது முன்னால் தேதி கேட்டு வாங்குவது நல்லது.

எது அவசரம்?

மருந்து திடீரென்று நின்றுபோனால் உடம்பு சில மணி நேரத்தில் இருந்து இரண்டு மூன்று நாட்களுக்குள் காட்டிக்கொடுக்கும். தொட்டி காலியாவது மட்டும் காரணமல்ல. குழாய் மடங்கலாம், கழன்றுவிடலாம், பம்ப் பழுதாகலாம். குழாயில் வரும் கோளாறைப் பம்பின் அலாரம் கண்டுபிடிக்காது. “அலாரம் அடிக்கலையே, ஒன்னும் இருக்காது” என்று இருந்துவிடாதீர்கள்.

மருந்து நின்றதற்கான அடையாளங்கள்:

- தடிப்பு எதுவும் இல்லாமல் உடம்பெல்லாம் அரிப்பு
- விறைப்பும் உதறலும் திடீரென்று முன்பைவிட அதிகமாதல்
- வியர்வை, கூச்சம் போன்ற உணர்வு, காய்ச்சல்
- குழப்பமான பேச்சு, வலிப்பு

அரிப்பைப் பார்த்து “ஏதோ அலர்ஜி, வெயில் கொப்புளம்” என்று களிம்பு தடவிக்கொண்டு இருந்துவிடக்கூடாது. பம்ப் உள்ளவருக்குக் காரணம் தெரியாத அரிப்பும் கூடவே விறைப்பும் வந்தால் அது அவசரம். கவனிக்காமல் விட்டால் கடும் காய்ச்சல், தசைச் சிதைவு, உறுப்புகள் செயலிழப்பு, மரணம் வரை போகலாம். அமெரிக்காவில் இந்த மருந்தின் விவரக்குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு அச்சிடப்பட்டிருக்கும் எச்சரிக்கை இதுதான்.

மருந்து அதிகமாகிப்போனதற்கான அடையாளங்கள் வேறு: அளவுக்கு மீறிய தூக்கம், தலைச்சுற்றல், உடம்பு துவண்டுபோதல், மூச்சு மெதுவாதல், எழுப்பினால் எழாத நிலை. மருந்து நிரப்பிய அன்றும் அளவு மாற்றிய அன்றும் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து கவனியுங்கள்.

இரண்டில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். அருகில் உள்ள அவசரப் பிரிவுக்கு, திருவண்ணாமலை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, உடனே போங்கள். “நாளைக்கு ஓ.பி.க்குப் போகலாம்” என்ற பேச்சே வேண்டாம். போனதும் முதல் வாக்கியமாக, “இவருக்கு வயித்துல பாக்லோபென் பம்ப் இருக்கு” என்று சொல்லுங்கள். பம்ப் அட்டையைக் காட்டி, பம்ப் மருத்துவரின் எண்ணைக் கொடுத்து இரண்டு மருத்துவர்களையும் நேரடியாகப் பேச வையுங்கள். அவசரத்துக்கு வீட்டில் பாக்லோபென் மாத்திரை வைத்திருக்கலாமா, எப்போது எவ்வளவு கொடுப்பது என்பதைப் பம்ப் மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி வையுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

விறைப்பு கொஞ்சம் கூடினாலே பம்ப் பழுது என்றும் நினைத்துவிட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம், இறுக்கமான பெல்ட் அல்லது செருப்பு ஆகியவையும் விறைப்பைக் கூட்டும். மருத்துவரிடம் பேசும்போதே இவற்றையும் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்றாட வாழ்க்கையில்

*அறுவைச் சிகிச்சை முடிந்த புதிதில்:* முதல் ஆறு வாரமாவது உடம்பை முறுக்குவது, குனிந்து பாரம் தூக்குவது வேண்டாம். குழாய் நகர்ந்துவிடும். தையல் போட்ட இடத்தில் சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, காய்ச்சல் இருந்தாலும், உட்கார்ந்தால் வந்து படுத்தால் குறையும் தலைவலி இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

*கோயில்:* அண்ணாமலையார் கோயில் வாசலில் உள்ள உலோகச் சோதனைக் கருவி ஒலி எழுப்பலாம். அட்டையைக் காட்டிவிட்டு, அதன் மேல் சாய்ந்து நிற்காமல் கடந்துபோங்கள். விமான நிலையத்திலும் இப்படித்தான்.

*கிரிவலம்:* 14 கிலோமீட்டரையும் சக்கர நாற்காலியில் சுற்றி வரத் தடையில்லை. வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். தண்ணீர் குடியுங்கள். ஒரே நிலையில் உட்கார்ந்தே இருந்தால் புண் வரும். இடையிடையே உடம்பைத் தூக்கி இடம் மாற்றுங்கள்.

*வேண்டுதல்:* அங்கப்பிரதட்சணம் வேண்டாம். உருளும்போது உடம்பின் பாரம் முழுக்கப் பம்பின் மேல் விழும். வேறு வேண்டுதலாக மாற்றிக்கொள்ளலாம்.

*பிசியோதெரபி மையம்:* ஷார்ட்வேவ் டயாதெர்மி என்ற வெப்பச் சிகிச்சையைப் பம்ப் உள்ளவருக்குக் கொடுக்கக்கூடாது. படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

*ஸ்கேன்:* எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுப்பவரிடம் பம்ப் இருப்பதைச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. என்றால் பம்ப் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. எம்.ஆர்.ஐ. காந்தத்தில் பம்பின் மோட்டார் தற்காலிகமாக நிற்கும் வகைகள் உண்டு. ஸ்கேன் முடிந்ததும் பம்ப் மீண்டும் ஓடுகிறதா என்று கருவி வைத்துச் சோதிக்க வேண்டும்.

உங்கள் கைபேசியில் இன்றே செய்ய வேண்டிய ஐந்து

1. காலண்டர் செயலியில் மருந்து நிரப்பும் தேதிக்கு மூன்று நினைவூட்டல் வையுங்கள்: 15 நாள் முன், 7 நாள் முன், முதல் நாள். நோயாளியின் கைபேசியில் மட்டும் வைத்தால் போதாது. வீட்டில் இன்னும் இரண்டு பேர் கைபேசியிலும் வையுங்கள்.
2. பூட்டிய திரையிலேயே தெரியும் அவசரத் தகவல் பகுதியில் ‘பாக்லோபென் பம்ப் உள்ளது, மருந்து நின்றால் ஆபத்து’ என்று எழுதி, பம்ப் மருத்துவமனையின் எண்ணைச் சேருங்கள்.
3. பம்ப் அட்டையையும் கடைசியாக நிரப்பிய தாளையும் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு வையுங்கள்.
4. அடுத்த முறை போகும்போது, பம்பின் அலாரம் எப்படி ஒலிக்கும் என்று காட்டச் சொல்லி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வயிற்றில் இருந்து வரும் ‘பீப்’ சத்தத்தைக் கைபேசி சார்ஜ் குறைந்த சத்தம் என்று நினைத்துவிடக்கூடாது.
5. பேட்டரி மாற்ற வேண்டிய ஆண்டையும் குறித்து வையுங்கள். அதற்கான பணம் திரட்ட ஒரு வருடம் முன்பே தொடங்கலாம்.

அரசு சேவைகள்

*தனித்துவ அடையாள அட்டை:* 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. பெருமூளை வாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இரண்டும் அதில் உண்டு. தண்டுவடப் பாதிப்பால் நடக்க முடியாதவர்கள் இயக்கக் குறைபாடு என்ற பிரிவில் வருவார்கள். ஸ்வாவலம்பன் இணையதளத்தில் கைபேசியிலேயே விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சான்று அரசு மருத்துவமனையில் கிடைக்கும்.

*பராமரிப்பு உதவித்தொகை:* கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் உள்ளிட்ட பிரிவினருக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

*மருத்துவக் காப்பீடு:* முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. நீங்கள் போகப்போகும் மருத்துவமனையும் செய்யப்போகும் சிகிச்சையும் பட்டியலில் இருக்கின்றனவா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டு, அதன் பிறகே அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறியுங்கள். முதல் பம்ப், மருந்து நிரப்பும் செலவு, பிறகு பம்ப் மாற்றும் செலவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

*வீட்டிலேயே பிசியோதெரபி:* 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரப்படுகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். வருபவரிடம் பம்ப் இருப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

*பயணம்:* சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை திருவண்ணாமலை வழியாக வேலூர் கண்டோன்மென்ட் போகிறது. ரயில் கட்டணச் சலுகைச் சான்று இருந்தால் கூட வரும் உதவியாளருக்கும் சலுகை உண்டு.

*சந்தேகம் என்றால்:* 104 மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். அவசரம் என்றால் 108 மட்டும்தான்.

கடைசியாக

முதலில் சொன்ன வீட்டுக்கே திரும்பிப் போவோம். நாளைக்குத் தீபம், நாளைக்கே மருந்து தேதி. இப்போது என்ன செய்வது? உடனே பம்ப் மருத்துவமனைக்குப் போன் போட்டு, தொட்டியில் கையிருப்பு எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று கேளுங்கள். ‘இரண்டு நாள் பொறுக்கலாம்’ என்று அவர்கள் சொன்னால் பொறுக்கலாம். அந்த முடிவை அவர்கள்தான் எடுக்க வேண்டும். வீட்டில் நாமாக எடுக்கக்கூடாது. ‘இன்றே வாருங்கள்’ என்றால் கூட்டம் சேரும் முன் கிளம்பிவிடுங்கள். தீபம் அடுத்த வருஷமும் ஏற்றுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்க்க வேண்டும்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு நிமிடம் ஒதுக்கிக் காலண்டரைத் திறந்து அந்தத் தேதியைப் பதிவு செய்யுங்கள். உங்கள் வீட்டில் பம்ப் இல்லை என்றால், தெரிந்த யாருக்காவது இருந்தால் இதை அனுப்பி வையுங்கள்.